எட்டு இறாலும் ஒரு கொடியேற்றமும்

கடிதம் தவிர வேறெதையும் நான் எழுதிப் பழகவில்லை. அந்தக் கடிதத்திலும் ‘இங்கு யாவரும் நலம்’ என்ற வரிக்குப் பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனை மூடியைக் கடித்துக்கொண்டிருப்பேன். படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற நான், முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி ஒன்றை எழுத உட்கார்ந்திருப்பது கொஞ்சம் அதிகப்படிதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் அலுத்தால் விட்டுவிடுங்கள், எனக்கு மனவருத்தம் இல்லை.

இரண்டு மாதம் முன் என் மகள் பட்டணத்துக் கடையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தாள். செடி நட்டு, இறாலும் நத்தையும் வளர்க்கப் போகிறாளாம். ஒரு மாதம் வெறும் செடியும் தண்ணீருமாக விட்டுவைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளுக்கு அது பெரிய ஏமாற்றம். எனக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை. பத்து வயதிலேயே எங்கள் வீட்டில் ஒருவர் ஒரு மாதம் தண்ணீர் வளர்த்ததைப் பார்த்தவள் நான்.

யுத்தத்தால் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லாத காலம் அது. பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் வீடு. அப்பா தோட்டம் செய்தார். வெங்காயம், மிளகாய், புகையிலை என்று காலத்துக்கு ஒன்று. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எங்களோடு இருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். முப்பது வயதாகியும் கலியாணம் ஆகவில்லையே என்பது ஊரின் கவலை. அவருடைய கவலை வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இலையிலிருந்து ஒட்சிசன் வருகிறது என்று பாடமாக்கி ஒப்புவிக்கிறார்களே தவிர, ஒருவராவது அதை நம்பவில்லை என்று சொல்லிச் சொல்லித் துக்கப்படுவார்.

நம்ப வைப்பதற்காகவே அந்தத் தொட்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் கழித்து ஒதுக்கிய பழைய தொட்டி. இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, மூலைகளை அடைத்திருந்த புட்டிப் பசையெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. தண்ணீர் விட்டால் நாலு மூலையாலும் ஓடியது. கண்ணாடிக்குப் பூசும் பசை எந்தக் கடையிலும் இல்லை. சின்னம்மாவோடு படிப்பித்த வல்வெட்டித்துறை ரீச்சர் ஒருவர்தான் வழி சொன்னார்.

“வள்ளத்துக்குள்ள தண்ணி வராமல் அடைக்கிறதுதானே எங்கடை ஆக்களின்ரை தொழில். உதுக்குள்ளயிருந்து தண்ணி போகாமல் அடைக்கேலாதோ?”

மறுகிழமை அவர் ஒரு கடதாசிச் சரை குங்கிலியம் கொண்டுவந்து தந்தார். அதை எண்ணெயில் உருக்கி, பஞ்சில் தோய்த்து, சூடு ஆறுமுன் மூலைகளில் அடைத்தார் சின்னம்மா. வீடெல்லாம் கோயில்போல மணந்தது. அந்தத் தொட்டியைப் பற்றி அம்மா ஒரு குறையும் சொல்லாத நாள் அது ஒன்றுதான்.

அடிக்குப் போட மண் வேண்டும். “மருந்தடிச்ச மண் வேண்டாம் அத்தான், சீவனுகள் தாங்காது” என்றார் சின்னம்மா.

“அப்ப எங்கடை தோட்டத்தில மண் இல்லை” என்றார் அப்பா.

கடைசியில் மாமரத்தடியிலிருந்து ஒரு கடகம் செம்மண் வந்தது. அதை அரித்து இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் கடற்கரை மணல். மணலில் உப்புப் போகும்வரை கழுவ வேண்டும். போய்விட்டதா என்று நக்கிப் பார்த்துச் சொல்வது என் வேலை. பதினோராவது வாளியில் “உப்பில்லை” என்று சொன்னேன். உண்மையில் அதற்குள் என் நாக்கு எதையும் உணராத நிலைக்கு வந்திருந்தது.

குளத்தில் தண்ணீர் வற்றுமுன் போய்ச் செடிகள் பிடுங்கி வந்தோம். நாடாபோல நீண்ட இலையுள்ளது ஒன்று, நூல் நூலாய்ப் பாசிபோல இருப்பது ஒன்று. ஈர்க்கிலைப் பிளந்து செய்த இடுக்கியால் அவற்றை மணலுக்குள் ஊன்றினார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசு ஒன்றை மணலில் வைத்து, தண்ணீரை அதன்மேல் மெல்ல விட்டார். மணல் ஒரு துளிகூடக் கலங்கவில்லை. எனக்கு அது மந்திரம்போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் முதலில் அரிசி கழுவிய நீர்போல வெளுத்தது. பிறகு கொஞ்சம் பச்சை பிடித்தது. சின்னம்மா காலையும் மாலையும் குந்தியிருந்து அதையே பார்த்தார்.

“நாங்கள் ஆடு வளக்கிறம், மாடு வளக்கிறம். இவள் தண்ணி வளக்கிறாள்” என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொன்னார். “என்ன பிள்ளை, எப்ப கண்டுக்குட்டி போடும் உன்ரை தண்ணி?”

“பொறு அக்கா. கண்ணுக்குத் தெரியாத சீவனுகள் முதல் குடியேறவேணும். அவை வந்து துப்பரவாக்கினாப் பிறகுதான் மற்றவை வரலாம்.”

“ஓமோ? அப்ப அவையளைக் கூப்பிட்டு என்ரை குசினியையும் ஒருக்காத் துப்பரவாக்கச் சொல்லு.”

நாலாவது கிழமை தண்ணீர் தெளிந்தது. கண்ணாடியில் கடுகளவு நத்தைகள் ஊர்ந்தன. செடியோடு ஒட்டிக்கொண்டு அழைக்காமலே வந்தவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நுளம்புவலைத் துண்டோடு குளத்துக்குப் போய் எட்டு இறால் பிடித்தோம். ஒவ்வொன்றும் என் சின்னவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். உடம்பு கண்ணாடி. உள்ளே ஓடும் கறுப்புக் கோடுவரை தெரியும். செடிமேல் இருந்துகொண்டு இரண்டு முன்காலாலும் ஓயாமல் எதையோ எடுத்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருக்கும். வெயில் யன்னலால் விழும் நேரம் இலைகளில் முத்து முத்தாகக் காற்று கிளம்பும். எட்டாம் வகுப்பு முழுவதும் வரிசையில் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது.

“ஊரிலை கரண்டில்லாமல் ஒழுங்கா ஓடுறது இதொண்டுதான்” என்று சின்னம்மா பெருமைப்பட்டார். மாதக்கணக்கில் ஒரு இறால்கூடச் சாகவில்லை. தண்ணீர் வளர்த்ததன் பலன் அது.

பிறகு எங்கள் ஊர் அம்மாளாச்சி கோயில் திருவிழா வந்தது. பத்து நாள். கொடி ஏறினால் இறங்கும்வரை எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் எங்களிடம் அந்த ஒரே சொல்தான். வீடு கழுவி, மச்சம் காய்ச்சிய சட்டிகளை வெளியே கொட்டிலில் கட்டி வைத்து, புதுச்சட்டி எடுப்பார்கள். அப்பாவின் தமையன், என் பெரியப்பா, கோயில் காரியங்களுக்கு முன்னிற்பவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் வெடித்து, மாற்றுவதற்குக் கண்ணாடி கிடைக்காமல், உலகத்தை ஒரு கண்ணால் கண்டித்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன் வந்தவர் தொட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“உதென்ன, மச்சத்தைக் கண்ணாடிக்குள்ள வைச்சுக் கும்பிடுறியளோ?”

“கோயில் கேணிக்குள்ளயும் மீன் கிடக்குத்தானே பெரியத்தான். அதுக்கு நீங்கள்தானே பொரி போடுறனீங்கள்” என்றார் சின்னம்மா.

“அது கேணி. இது வீடு. நத்தை மச்சமோ எண்டதுக்குச் சாத்திரத்தில ஒண்டும் இல்லை, அதை விடுவம். றால் மச்சம்தான்.”

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“உயிரோட இருக்குமட்டும் அது சீவன். இருக்கட்டும். செத்தா மச்சம். கொடி நிக்கேக்கை ஒண்டு செத்துதெண்டாலும் தொட்டியோட தூக்கி வெளியில வைச்சுப்போடுவன். பேந்து என்னோட கோவிக்கக்கூடாது.”

வெளியே என்றால் ஆனி மாத வெயில். அரை நாளில் எல்லாம் அவிந்துவிடும்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் சின்னம்மா கொழும்புக்குப் புறப்பட்டார். “ஒரு அலுவல்” என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்றால் இரவில் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். கடக்கப் போனவர்கள் எல்லோரும் அக்கரை சேர்ந்ததில்லை என்பது என் வயதுப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொடி ஏறிவிட்டால் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பதால் அவசரமாகப் புறப்பாடு.

போகுமுன் என்னைத் தொட்டிக்கு முன்னால் இருத்திச் சொல்லித் தந்தார். வற்றுகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட வேண்டும், அதுவும் இரண்டு நாள் வாளியில் வைத்த தண்ணீர். சோறு போடக்கூடாது. எண்ணெய்க் கையை உள்ளே விடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செப்புப் பாத்திரத்தில் நின்ற தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது, இறாலுக்கு அது நஞ்சு.

“எட்டு இருக்கு. நான் கேக்கேக்கை எட்டும் இருக்கவேணும், என்ன?”

“ஓம் சின்னம்மா.”

“கெட்டிக்காரி” என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்து போனார். அம்மா ஒழுங்கை திரும்பும் முடக்குவரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்தநாள் கொடி ஏறியது. அம்மா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து மாவிலையால் வீடெல்லாம் தெளித்தார். எனக்கும் அப்பாவுக்கும் கையில் வார்த்தார். மாட்டுக்குத் தெளித்தார், கிணற்றுக்குள் தெளித்தார், சின்னம்மா படுக்கும் பாய்க்கும் தெளித்தார். தொட்டியை மட்டும் விட்டுவிட்டார். எல்லோருக்கும் காவல் இருக்க, சின்னம்மாவின் இறால்களுக்கு மட்டும் இல்லையே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. பின்னேரம் அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துச் சுவாமியறைக்குள் நுழைந்து, மிஞ்சிய தீர்த்தத்தில் மூன்று கரண்டி எடுத்து வந்து தொட்டிக்குள் விட்டேன். “சின்னம்மா பத்திரமாப் போய்ச் சேரவேணும்” என்றும் கும்பிட்டேன். கரண்டியைத் திரும்ப வைக்கும்போதுதான் தீர்த்தம் இருந்த பாத்திரத்தைப் பார்த்தேன். செப்புக் குடம். புளி போட்டு மினுக்கி, சிவந்து ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

தீர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? இரண்டாம் நாள் எண்ணிப் பார்த்தேன், ஏழு. இறாலை எண்ணுவது சுலபமில்லை. ஐந்தாவதை எண்ணும்போது இரண்டாவது இடம் மாறிவிடும். ஒன்று செடிக்குள் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாளும் ஏழு.

நாலாம் நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுவிட்டுப் பார்த்தேன். மணலில், நாடாச் செடியின் அடியில், ஒரு இறால் சரிந்து கிடந்தது. வெள்ளையாய், அசையாமல். கால், மீசை, கண் எல்லாம் இருந்தது, உயிர் மட்டும் இல்லை.

அம்மாவின் தீர்ப்பு எனக்குத் தெரியும். சொன்னால் தொட்டி வெயிலுக்குப் போகும், மற்ற ஏழும் சாகும். சின்னம்மா கேட்கும்போது எட்டும் இருக்கவேண்டும் என்றார், ஒன்றும் இராது. சொல்லாவிட்டால், கொடி நிற்கும்போது வீட்டுக்குள் மச்சம். அதுவும் அம்மா விரதம் பிடித்துக்கொண்டிருக்கிற வீட்டில். யாருக்காக விரதம் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

தேத்தண்ணி வடியால் அதை எடுத்தேன். காற்றுப்போல இருந்தது, பாரமே இல்லை. வேலிப் பூவரசில் ஒரு இலை பறித்து அதற்குள் மடித்துப் பொத்திக்கொண்டு படலையைத் தாண்டினேன். எங்கள் வளவுக்குள் போட்டால் அதுவும் வீட்டுக்குள் மச்சம்தானே. எங்காவது தூரத்து வேலிக்குள் போட்டுவிடலாம் என்று நடந்தால், முடக்கில் பெரியப்பா. குளித்து, முழுகி, உடம்பெல்லாம் திருநீறு.

“என்ன பிள்ளை கையில?”

“பூ” என்றேன். வேறென்ன சொல்ல?

“அம்மாளாச்சியின்ரை பூவோ? ஆர், ஐயர் தந்தவரே? கொண்டா, கண்ணில ஒத்துவம்.”

பொத்திய இலையோடு என் கையிலிருந்து வாங்கினார். கண்ணை மூடி, முதலில் நல்ல கண்ணிலும் பிறகு வெடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்ணிலும் அதை ஒற்றினார். நெஞ்சிலும் ஒருமுறை வைத்தார். அவர் அதைத் திறந்து, வழக்கம்போலக் காதில் செருகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திருப்பித் தந்துவிட்டார்.

“பத்திரமா வைச்சிரு. நல்லாப் படிப்பாய்.”

ஒழுங்கையின் கடைசி வேலிக்குள் அதை எறிந்துவிட்டு ஓடினேன். அன்றிரவு சுவாமிக்குக் குடை பிடித்தவர் பெரியப்பா. அவர் இடறி விழுவார், குடை சாயும், எல்லாம் என்னால் என்று திருவிழா முடியும்வரை அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வழக்கத்தைவிட உற்சாகமாகத்தான் நடந்தார்.

ஆனால் கடிதம் வரவில்லை. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் திரும்பி வருகிற யாரிடமாவது இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாலைந்து நாளில் வந்துவிடும். ஐந்தாம் நாள் வரவில்லை, ஆறாம் நாளும் வரவில்லை. நாய் குரைக்கும்போதெல்லாம் அம்மா படலைக்குப் போய் வந்தார்.

“ஏன் இப்பிடி ஓடுப்பட்டுத் திரியிறாய்? கடிதம் நடந்தெல்லே வரவேணும்” என்றார் அப்பா.

“நீங்கள் சும்மா இருங்கோ” என்றார் அம்மா. சண்டை பிடிக்கிற குரல் அது இல்லை. அப்பாவும் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. நாளுக்கு நாள் அது வடிவாகத் தெளிந்தது. நான் செப்புத் தண்ணீர் விட்டேன், இறால் செத்தது. செத்ததை மறைத்தேன், வீடு தீட்டாயிற்று. பெரியப்பாவின் கண்ணில் மச்சத்தை ஒற்ற வைத்தேன். அம்மாளாச்சி இத்தனையையும் கூட்டிப் பார்த்து, சின்னம்மாவின் வள்ளத்தில் கழித்துவிட்டாள். தேரன்று வடம் பிடிக்கக் கூப்பிட்டார்கள். நான் வடத்தைத் தொடவில்லை. தொட்டால் தேர் நின்றுவிடும் என்று பயம்.

பத்தாம் நாள் தீர்த்தத் திருவிழா. அன்று மாலை கொடி இறங்கும். அதற்குமுன் அம்மாவிடம் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்து, விடியப்புறம் எழும்பி முன்னறைக்கு வந்தேன். அங்கே ஜாம் போத்தல் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் அம்மா குந்தியிருந்தார். குளித்த தலை சொட்டச் சொட்ட, கண்ணாடியில் மூக்கு முட்டும்படி. உதடு அசைந்தது.

“அம்மா?”

திடுக்கிட்டுத் திரும்பினார். “என்னடி, ஏன் எழும்பினனீ?”

“நீங்கள் என்ன செய்யிறியள்?”

“ஒண்டுமில்லை. அவளின்ரை சாமானெல்லே. சும்மா பாத்தனான்.”

நான் அழத் தொடங்கினேன். தீர்த்தத்தையும் குடத்தையும் நாலாம் நாளையும் பெரியப்பாவின் கண்ணையும் ஒழுங்கில்லாமல் கொட்டினேன். “ஒண்டு செத்துப்போச்சம்மா. நான்தான் கொண்டுபோய் எறிஞ்சனான். ஏழுதான் இருக்கு. அதுதான் சின்னம்மாவைக் காணேல்லை.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல? அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து மடியில் இருத்தினார். ஈரச்சேலை குளிர்ந்தது.

“எண்ணு” என்றார். “நானும் எண்ணுறன். வடிவாப் பாத்து எண்ணு.”

விளக்கைத் தூக்கிப் பிடித்தார். மேலே இரண்டு. மணலில் ஒன்று. நாடாச் செடியில் மூன்று. மூலையில் ஒன்று. ஏழு. “பாத்தியளே?” என்று நான் விம்மினேன்.

“பொறு. அங்கால.”

நூல்பாசிக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்தது. மற்றவற்றைவிடப் பெரிது. துடைத்து வைத்த விளக்குச் சிமினிபோல அத்தனை புதிதாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் நடக்காததுபோல ஒரு இலையில் ஏறியிருந்து சாப்பிடத் தொடங்கியது.

“எட்டு” என்றார் அம்மா.

“எட்டு” என்றேன் நான்.

“எட்டும் இருக்கு.” அம்மா அதை மூன்றுதரம் சொன்னார். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எலும்பு நோகும்படியான பிடி. அப்படியானால் நான் எறிந்தது எது என்று கேட்டேன். “ஆருக்குத் தெரியும். எட்டும் இருக்குத்தானே. இனி வாயை மூடிக்கொண்டு போய் முகத்தைக் கழுவு” என்றார். அவர் முகமும் கழுவவேண்டிய நிலையில்தான் இருந்தது.

மத்தியானம், தீர்த்தம் முடிந்து வந்து சோற்றுக்கு இருக்கும்போது நாய் குரைத்தது. தெரியாத ஒரு மனிதர் சைக்கிளில் நின்றார். காற்சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த கடிதத்தை எடுத்துத் தந்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். சின்னம்மாவின் எழுத்து. அம்மா நின்றபடியே வாசித்தார்.

சுகமாய்ச் சேர்ந்துவிட்டாராம். கரையில் மூன்று நாள் காத்திருக்க நேர்ந்ததாம், கடக்கும்போது காற்றாம், மற்றப்படி ஒன்றுமில்லையாம். அதற்குப் பிறகு கனடா, பாஸ்போட், மாப்பிள்ளையின் தமக்கை என்று ஏதேதோ வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் என் பெயர் இருந்தது. “பிள்ளைக்குச் சொல்ல மறந்துபோனேன். இறால் வளரும்போது பழைய தோலைக் கழற்றும். அப்படியே செத்த இறால்போல வெள்ளையாய்க் கிடக்கும். பயப்படவேண்டாம். எடுத்து எறியாதே, அதையே திரும்பத் தின்னும், அதற்கு அது சத்து. தோல் கழற்றியது கொஞ்ச நாள் செடிக்குள் ஒளித்திருக்கும். பிறகு தானாய் வரும்.”

அந்த இடத்தில் அம்மா வாசிப்பதை நிறுத்தினார். கடிதத்தை அப்பாவிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குள் போனார். தங்கச்சி சேர்ந்துவிட்ட சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நான் எறிந்தது வெறும் தோல். பெரியப்பா கண்ணில் ஒற்றியதும் வெறும் தோல். தோல் மச்சமா இல்லையா என்பதற்கும் சாத்திரத்தில் ஒன்றும் இருக்காது. எனக்கு அது போதுமாயிருந்தது. இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

இதெல்லாம் நடந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது மகளின் தொட்டியில் சிவப்பு இறால்கள் வந்துவிட்டன. போன கிழமை அவள் “செத்துப்போச்சு, செத்துப்போச்சு” என்று கத்தினாள். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார்.

“எடுத்தெறியாதை. உது தோல்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாய், “நானும் ஒண்டு எடுத்தெறிஞ்சனான்” என்றார்.

“நீங்களோ? எப்ப?”

“கொடியேறி ரெண்டாம் நாள், விடியப்புறம். விளக்கு வைக்கப் போகேக்கை கண்டன். கிணத்தடி வாழைக்குள்ள தாட்டுப்போட்டு வந்து பேசாமல் இருந்திட்டன். நாள் முழுக்க எண்ணுவன், ஏழுக்கு மேல வராது.”

“செத்தா வெளியில எண்டு சொன்னது நீங்கள்தானே?”

“ஓம், சொன்னனான்தான்.” அம்மா தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். “அவள் கடலில நிக்கேக்கை அவளின்ரை தொட்டியைத் தூக்கி நான் எப்பிடி வெளியில வைப்பன்? அம்மாளாச்சிக்கும் ஒரு தங்கச்சி இருந்திருக்கும், அவவுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்.”

எட்டு நாள், ஒரே வீட்டில், ஒரே தொட்டியிலிருந்து ஆளுக்கொரு தோலை எடுத்து ஒளித்துவிட்டு, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த விடியப்புறம் அம்மா என்னை இறுக்கிக் கட்டிப் பிடித்தது நான் உண்மையைச் சொன்னதற்காக என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவரும் எட்டு நாளாய் அதே பயத்தோடு இருந்தவர் என்பதும், என்னிடம் தன் பங்கைச் சொல்லாமலே விட்டார் என்பதும், பத்து வயதில் அந்த மடியில் இருந்தவளுக்குத் தெரியாது. கலியாணம் கட்டக் கனடாவுக்குப் போகிற சின்னம்மா இனி அந்தத் தொட்டிக்குத் திரும்பி வரமாட்டார் என்பதும் தெரியாது.

அந்தப் பத்தாம் நாள் மாலை கொடி இறங்கியது. மறுநாள் சந்தையில் நல்ல இறால் வந்திருந்தது. அம்மா முருங்கைக்காய் போட்டுக் குழம்பு வைத்தார். பெரியப்பாவும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.